அக்காவின் கடைசிப் பத்தி

மகன் வேலை பார்க்கும் நகரத்தின் விமான நிலையத்தில், நான் ஏறவேண்டிய வாயிலுக்கு எதிரே ஒரு தூண் உண்டு. அதன் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு பிளக் பாயின்ட். அந்தக் கூடத்தில் நாற்காலிகளோடு சேர்த்துப் பொருத்தியிருந்த மற்ற பிளக் பாயின்ட்டுகள் எல்லாம் பார்வைக்கு மட்டும். ஒவ்வொன்றிலும் செருகிப் பார்த்து, ஒவ்வொரு நாற்காலியிலும் இருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு, கடைசியில் தூணடிக்கு வந்து சேர்ந்தேன். போன ஆண்டு ஆனி மாதம் அது. நான் வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். மேசைக்கு எதிரே மற்றவர்களை நிற்கவைத்தே பணிக்காலத்தைக் கழித்தவன். அன்று தரையில் சம்மணமிட்டு, மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, தூணோடு பல்லிபோல ஒட்டிக் கிடந்தேன். கடந்துபோனவர்களின் சக்கரப் பெட்டிகள் என் செருப்பின் மேல் ஏறி இறங்கின. எழுந்துகொள்ள முடியாது. அக்காவின் அடக்க ஆராதனையில் வாசிக்கவேண்டிய வாழ்க்கைக் குறிப்பு அந்தக் கணினிக்குள் பாதியில் நின்றது. கணினியில் சார்ஜ் அதைவிடக் குறைவாக இருந்தது.

முந்தின நாள் விடியற்காலையில், இரணியலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டில், தூக்கத்திலேயே அக்கா போய்விட்டாள். மறுநாள் பிற்பகலில் ஆராதனை, தொடர்ந்து அடக்கம் என்று முடிவாயிற்று. காலை விமானத்தில் ஏறினால் திருவனந்தபுரம், அங்கிருந்து காரில் ஊர். பெட்டியை மூடுவதற்கு முன் முகம் பார்த்துவிடலாம் என்பது என் கணக்கு. திருவனந்தபுரத்தில் பெய்த மழை அந்தக் கணக்கில் இல்லை. விமானம் தாமதம் என்றார்கள். பிறகு மேலும் தாமதம் என்றார்கள். பிறகு எதையும் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். அடக்க நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அறிவித்த நேரத்தை யாருடைய வருகைக்காகவும் மாற்றுவதில்லை என்பது எங்கள் சபையின் தீர்மானம். வளைகுடாவிலிருந்து வரவேண்டிய பிள்ளைகளுக்காகப் பெட்டிகள் நாட்கணக்கில் காத்துக் கிடந்த காலத்தில், சபைச் செயலராக இருந்த நானே முன்மொழிந்து நிறைவேற்றியது. நல்ல தீர்மானம்தான். இன்றைக்கும் அதில் நான் குறை காணமாட்டேன். ஆனால் அன்று அந்தத் தூணடியில், அக்காவின் முகத்தை இனிப் பார்க்கப்போவதில்லை என்பதை மெல்ல ஒப்புக்கொண்டேன். அவளுக்குச் செய்வதற்கு மீதி இருந்தது அந்தக் குறிப்பு ஒன்றுதான். அதுவாவது நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும்.

எங்கள் பக்கத்துச் சபைகளில், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிக்காமல் யாரையும் மண்ணுக்குள் அனுப்புவதில்லை. பிறப்பு, ஞானஸ்நானம், திடப்படுத்தல், படிப்பு, உத்தியோகம், திருமணம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், சபைக்குச் செய்த தொண்டு, கடைசி நோய், ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’. இந்த வரிசையில் ஊரில் பாதிப் பேரை நான்தான் அனுப்பிவைத்திருக்கிறேன். வாசிப்பவர், அதாவது போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார், தன் பங்குக்கு எதையும் சேர்க்கக் கூடாது, ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது என்பதும் என் ஏற்பாடே. முன்பொரு முறை வாசித்தவர் உணர்ச்சிவசப்பட்டு, இறந்தவர் குடியை விட்டதைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டார். இறந்தவரின் சம்பந்தி வீட்டாருக்கு அவர் குடித்ததே அதுவரை தெரியாது. அதற்குப் பிறகு வந்த ஒழுங்கு அது. புதிதாக எழுத உட்காருவதும் என் வழக்கமில்லை. கடைசியாக எழுதியதைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, ஒவ்வொரு பத்தியாக மாற்றிக்கொண்டு போவேன். நாற்பது வருடம் அரசாங்கக் கோப்புகளை நான் எழுதிய முறையும் அதுதான். கணினியில் கடைசியாக இருந்தது ஒரு தலைமையாசிரியரின் குறிப்பு. நிறைவாக வாழ்ந்தவர். எல்லாப் பத்திகளும் நிறைந்திருந்தன.

முந்தின இரவே எழுதியிருக்கலாம். உட்கார்ந்தேன், முடியவில்லை. விமான நிலையத்தில் சும்மா காத்திருக்கும் நேரத்தில் எழுதிவிடலாம் என்று மகனிடம் சொன்னேன். காத்திருக்கும் நேரம் சும்மா இருக்கும் நேரம் என்று நினைத்தது என் முதல் பிழை. இலவச வைஃபை என்று எழுதிப்போட்ட இடத்தில் கைபேசி எண்ணைக் கேட்டார்கள். கைபேசிக்கு வந்த குறியீட்டைப் படித்து முடிப்பதற்குள் அது காலாவதியாகிவிட்டது என்றார்கள். என் அலுவலகத்தில்கூட மனுவுக்கு இதைவிட அதிக ஆயுள் இருந்தது. கணினி, மகன் பயன்படுத்தி ஒதுக்கியது. அதற்குத் தமிழ் தெரியாது. எழுதுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் பிழை என்று சிவப்புக் கோடு இழுத்தது. அக்காவின் பிறப்பும் ஞானஸ்நானமும் படிப்பும் சிவப்புக் கோட்டின் மேலேயே நடந்தன. பக்கத்து நாற்காலியில் ஓர் இளைஞர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, காற்றைப் பார்த்து ஆங்கிலத்தில் யாரையோ கண்டித்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி பேசும்போதெல்லாம் என் விமானமோ என்று தலையைத் தூக்குவேன். அது எப்போதும் வேறு ஊருக்குப் போகிற விமானமாக இருக்கும். குனிந்தால் எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தின் எழுவாய் மறந்து போயிருக்கும்.

அப்போதுதான் தலைக்கு மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

“சாரே, அந்தப் பிளக்கக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிக்கணும். இல்லாட்டா கறண்டு வராது.”

திரையைப் பார்த்தேன். உண்மைதான், செருகியிருந்தும் சார்ஜ் ஏறவில்லை, இறங்கிக்கொண்டிருந்தது. பேசியவர் தோளில் பெரிய பை மாட்டியிருந்த நடுவயதுக்காரர். அந்த இழுவையைக் கேட்டதும் ஊர் புரிந்துவிட்டது.

“நீங்க எந்தப் பக்கம்?”

“சிதறாலு. மஸ்கட்டுல இருந்து வாறேன். இஞ்ச இறக்கி விட்டுட்டானுவ, இனி அடுத்த பிளேனுல ஏறணும். சாரு நாகர்கோவிலா?”

“இரணியல் பக்கம்.”

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினார். சொல்லாமலே பிளக்கை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். திரையில் சார்ஜ் ஏறும் அடையாளம் வந்தது.

“நீங்க எழுதுங்க சாரே. நான் பிடிச்சிட்டு இருக்கேன். எனக்கும் வேற சோலி இல்ல.” சற்றுப் பொறுத்து, “ஆருக்கு?” என்றார். திரையைப் பார்த்திருக்கிறார்.

“அக்காளுக்கு.”

“மூத்தவியளா?”

“மூத்தவ.”

“பின்ன சாரு இஞ்ச இருந்தா எப்பிடி?” என்று கேட்டுவிட்டு, கேட்டதற்கு அவரே வருந்தியவர்போல அறிவிப்புப் பலகையை அண்ணாந்து பார்த்தார். பலகையில் எங்கள் விமானத்துக்கு நேரே நேரம் போடும் கட்டம் காலியாக இருந்தது.

அக்கா நாகர்கோவில் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த காலம். இரணியலில் பாசஞ்சர் ரயிலைப் பிடித்து வேலைக்குப் போவாள். நான் கல்லூரிக்குப் போன நாட்களில் அதே ரயிலில் போவேன். மாலையில் திரும்பும்போது நாகர்கோவிலில் ரயில் வராவிட்டால் நான் நடைமேடையின் இரண்டு முனைகளுக்கும் நடப்பேன். அவள் அசையமாட்டாள். நேரே ஸ்டேஷன் மாஸ்டரின் அறை வாசலுக்குப் போய் நின்று, எங்கே வருகிறது என்று கேட்டு வந்து, நடைமேடையில் நிற்கிற எல்லாரிடமும் சொல்லுவாள். கேட்காதவர்களிடமும் சொல்லுவாள். “வள்ளியூர் விட்டாச்சு”, “ஆரல்வாய்மொழியில கிராசிங்கு.” உனக்கெதற்கு இந்த வேலை என்று ஒருமுறை கேட்டேன். “ஏலே, காத்துட்டு நிக்கவன்கிட்ட என்னத்தயாவது சொல்லிட்டே இருக்கணும். லைன் கிடைக்கல்லன்னாலும் கிடைக்கல்லன்னு சொல்லணும். சும்மா விட்டா அவன் மனசுல ஆரயாவது கொன்னுருவான்” என்றாள். விமான நிலையத்தில் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது சரியாக விளங்கியது. விமானம் விழுந்துவிட்டதோ, ஓடுபாதை மூழ்கிவிட்டதோ, ஆராதனை மணி அடித்துவிட்டதோ என்று என் மனம் வரிசையாகக் கொலை செய்துகொண்டிருந்தது. பளபளப்பான அந்தக் கூடத்தில் அக்காவைப் போல ஒருவரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்திருக்கலாம். செலவு அதிகமாகாது.

அவள் திருமணம் செய்துகொள்ளவில்லை. அப்பா சீக்கிரம் போனார். எனக்கும் தங்கைக்கும் படிப்பு இருந்தது. ஊரில் இதைத் தியாகம் என்று சொல்லுவார்கள்; அவள் முன்னால் சொன்னால் தொலைந்தார்கள். ஏன் கல்யாணம் பண்ணவில்லை என்று ஒரு பெரியவர் எங்கள் வீட்டிலேயே வைத்துக் கேட்டார். “புக் பண்ணி வச்சிருக்கேன் மாமா, இன்னும் லைன் வரல்ல” என்று சொல்லிவிட்டு அவருக்கு மீன்குழம்பு ஊற்றினாள். ஊரில் பலருடைய ரகசியங்கள் அவள் காது வழியாகப் போயின. ஒன்றும் திரும்பி வந்ததில்லை. நான் இதையெல்லாம் நினைத்துக்கொண்டே, தலைமையாசிரியரின் பணிப் பத்தியை அழித்துவிட்டு, ‘தொலைபேசித் துறையில் திறம்படப் பணியாற்றி ஓய்வு பெற்றார்’ என்று எழுதினேன். அதற்கும் கணினி சிவப்புக் கோடு இழுத்தது.

தங்கை அழைத்தாள். “அண்ணா, எழுதியாச்சா? உபதேசியார் வந்து வந்து கேக்காரு. அவருதான் வாசிக்கணும். அதுக்கு முன்ன பிரிண்டு எடுக்கணுமாம்.”

“இன்னும் கொஞ்சம்தான். நீ அழாத.”

“நான் அழல்ல. நீதான் ஒருமாதிரி பேசுக. அக்கா சின்னப் பிள்ள மாதிரி தூங்குகா. நீ வந்து பாத்துருவல்லா?”

“பிளேன் வரட்டு.”

இரண்டு பத்திகள் மீதி இருந்தன. சபைத் தொண்டு எளிது. பாடகர் குழு, பெண்கள் ஐக்கியச் சங்கம். கடைசிப் பத்திதான் இடித்தது. அது எப்போதும் ‘துயரத்தில் விட்டுச் சென்றிருக்கிறார்’ என்று முடியும் பத்தி; யாரை என்பதுதான் அதன் பொருள். தலைமையாசிரியர் தாராளமாக விட்டுச் சென்றிருந்தார். அக்காவுக்கு அந்த இடத்தில் என்ன எழுதுவது? உடன்பிறந்தார் இருவர் என்று எழுதினால் ஏதோ வாரிசுச் சான்று மாதிரி இருந்தது. அதைக் கடைசியில் பார்க்கலாம் என்று மேலேயிருந்து திருத்திக்கொண்டு வந்தேன். அந்த நேரத்தில் திரை நீலமாகிவிட்டது. புதுப்பிப்பு நடைபெறுகிறது, தயவுசெய்து அணைக்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. என்னிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. என் பணிக்காலத்தில் எவ்வளவு அடாவடியான அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருவனைப் பார்த்ததில்லை.

“ஆஃப் செய்யாதீங்க சாரே,” என்றார் சிதறால்காரர். பிளக்கைப் பிடித்த விரல்களை அவர் மாற்றவே இல்லை. “ஆஃப் செய்தா ஒக்க போயிரும். நான் ஒரு தடவ செய்து கம்பெனிக்காரன் என்னத் தின்னான்.”

நீலத் திரையில் வட்டம் சுற்றியது. பலகையில் நேரம் வந்துவிட்டது. வாயிலில் வரிசை நிற்கத் தொடங்கியது. வட்டம் சுற்றியது. தங்கை மறுபடி அழைத்தாள், எடுக்கவில்லை. எங்கள் வரிசை எண்ணைக் கூப்பிட்டபோது கணினி உயிர் பெற்றது. நான் எழுதியது அத்தனையும் அப்படியே இருந்தது. வைஃபை போயிருந்தது. சிதறால்காரர் தன் கைபேசியிலிருந்து இணைப்புக் கொடுத்தார். முழந்தாளில் நின்றபடியே கோப்பை இணைத்து உபதேசியாருக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது என்று திரை சொன்னதும், அவர் பிளக்கை விட்டார். பழைய பாட்டரி; கணினி உடனே அணைந்தது. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. அதற்கும் வரிசையில் இடம் இல்லை.

மேகத்துக்கு மேலே போன பிறகு, எழுதியதை மனதுக்குள் வாசித்துப் பார்த்தேன். அது என் வழக்கம். பிறப்பு சரி. படிப்பு சரி. பணி சரி, கொஞ்சம் சுருக்கம். தொண்டு சரி. கடைசிப் பத்தி. கடைசியில் பார்க்கலாம் என்று விட்டதை நான் பார்க்கவே இல்லை. தலைமையாசிரியரின் பத்தி அங்கே அப்படியே இருந்தது. ‘தம் பாசமுள்ள மனைவியையும், மூன்று ஆண்மக்களையும், எட்டுப் பேரப்பிள்ளைகளையும் ஆறாத் துயரத்தில் விட்டுச் சென்றிருக்கிறார்.’ என் கையால் அக்காவின் பெயருக்குக் கீழே அதை அனுப்பியிருக்கிறேன். உபதேசியார் ஓர் எழுத்தையும் மாற்றமாட்டார். மாற்றக் கூடாது என்று அவரை நிற்கவைத்துச் சொன்னவன் நான். விமானப் பணிப்பெண் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். இறங்கவேண்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

திருவனந்தபுரத்தில் இறங்கியபோது என் கைபேசி செத்திருந்தது. சிதறால்காரர் தன்னுடையதைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றேன். உபதேசியாரின் எண் எனக்குத் தெரியாது. தங்கையின் எண் தெரியாது. போதகரின் எண் தெரியாது. எல்லாம் செத்த கைபேசிக்குள் இருந்தன. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றே ஒன்று. அழுத்தினேன். அக்காவின் வீட்டுத் தொலைபேசி அடித்தது. வரவேற்பறையில், அவள் குரோஷா விரிப்பு போட்டு வைத்திருந்த சிறு மேசையின் மேல் அது அடிப்பதை என்னால் பார்க்க முடிந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினேன். எல்லாரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்குப் போயிருப்பார்கள். எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்தும், அடிக்கிறவரை காதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

“கிட்டல்லியா?” என்றார் அவர்.

“கிட்டல்ல.”

“ஒரு வண்டி பிடிப்போம். நான் மார்த்தாண்டத்துல இறங்குகேன். நீங்க நேர போங்க.”

மழையில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மார்த்தாண்டத்தில் அவர் இறங்கியபோது நான் அவருடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் மணி பார்க்கவில்லை. ஆராதனை முடிந்திருக்கும், அடக்கம் முடிந்திருக்கும், ஊர் முழுக்க எட்டுப் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும். ஒரு பெண், அதுவும் பொய்யை அவ்வளவு வெறுத்தவள், இன்னொருவருடைய குடும்பத்தோடு மண்ணுக்குள் போயிருக்கிறாள். காரை நேரே கல்லறைத் தோட்டத்துக்கு விடச் சொன்னேன்.

ஆலயத்தைத் தாண்டித்தான் கல்லறைத் தோட்டத்துக்குப் போகவேண்டும். ஆலயத்துக்கு வெளியே வண்டிகள் அப்படியே நின்றன. உள்ளே ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் கேட்டது. பிரசங்கக் குரல் இல்லை. கணினிப் பையைத் தோளில் மாட்டியபடி உள்ளே போனேன். முன்னால் பெட்டி. பெட்டி திறந்திருந்தது. ஒலிவாங்கிக்கு முன் எனக்குத் தெரியாத ஓர் அம்மாள் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

“நான் இராஜாக்கமங்கலத்துல இருந்து வாறேன். உங்க சபையும் இல்ல. எங்க வீட்டு ஆளு கடலுக்கு அங்கோட்டு வேலைக்குப் போயி, ரெண்டு மாசமா ஒரு சத்தமும் இல்ல. நான் தினமும் எக்ஸ்சேஞ்சுக்குப் போயி நிப்பேன். இந்த அக்கா வெளிய வந்து சொல்லுவா: ‘ஏட்டி, இன்னைக்கும் கிடைக்கல்ல. நாளைக்கும் பாப்பேன். நீ போயி சோறு தின்னு.’ கிடைக்கல்லன்னு தினமும் ஒருத்தி வந்து சொல்லணும்லா? ஆரு சொல்லுவா?”

தங்கை என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்தாள். அவள் அழுதிருந்தாள், ஆனால் உதடு வேறு எதற்கோ துடித்தது.

“நீ என்ன எழுதி விட்டிருக்க? அக்காளுக்கு மனைவியாம், எட்டுப் பேரப்பிள்ளைங்களாம். உபதேசியார் அப்பிடியே வாசிச்சிட்டாரு. கோயில்ல ஒருத்தரும் மூச்சு விடல்ல. பின்ன அக்காகூட வேலை பாத்த சேச்சி ஒண்ணு எந்திரிச்சு, ‘தம்பி நிறுத்தும், அது எங்க ஆளு இல்ல, நான் சொல்லுகேன்’னு மைக்கப் பிடிச்சாவ. அவிய சொன்னது தப்புன்னு இன்னொருத்தர் எந்திரிச்சாரு. அப்பிடியே ஆளாளுக்கு. போதகர் பிரசங்கத்தயே விட்டுட்டாரு. அடக்கத்துக்கு நேரம் எப்பவோ தாண்டியாச்சு.”

“தீர்மானம்?” என்றேன், பழக்கத்தில்.

“போ அண்ணா.”

உபதேசியார் அச்சடித்த தாளோடு என்னருகே வந்தார். “சார், ஒரு எழுத்தும் மாத்தல்ல,” என்றார், பாவம். நான் அவர் தோளைத் தட்டினேன். போதகர் என்னைப் பார்த்து, தம்பி வந்துவிட்டார், ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றார்.

எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த இடத்தில் ஒருமுறைகூட நின்று பேசியதில்லை. கையில் தாள் இல்லை. பையில் இருந்த கணினியில் சார்ஜ் இல்லை. ஒலிவாங்கி என் உயரத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. அதைச் சரிசெய்யவும் தோன்றவில்லை.

“அக்காவுக்குப் பேரப்பிள்ளைகள் கிடையாது,” என்று தொடங்கினேன்.

சபை சிரித்துவிட்டது. அழுதுகொண்டிருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். பின்வரிசை வரைக்கும் போய்த் திரும்பிவந்த சிரிப்பு. அது அடங்கட்டும் என்று காத்திருந்தேன். காத்திருந்த நேரம் முழுவதும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் மெதுவாகச் சிரித்து முடிக்கட்டும். எனக்கு அவசரம் இல்லை.